முகப்பரு மருத்துவத்தில் உணவும் பூச்சும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

முகப்பருவுக்கு உணவுக் கட்டுப்பாடும் மூலிகைப் பூச்சும் தீர்வாகக் கூறப்படுவது நெடிய மரபு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உணவு பற்றிய பகுதி மருத்துவ உலகால் மூடநம்பிக்கை என ஒதுக்கப்பட்டு, பின்னர் மீண்டும் ஆராயப்பட்டது. அவ்வொதுக்கத்திற்குக் காரணமான 1969ஆம் ஆண்டு ஆய்வை மையமாகக் கொண்டு, மரபு அறிவு மதிப்பிடப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முகப்பரு, இலேபம், நலங்குமாவு, உணவு, மருத்துவ வரலாறு

பண்டை நூல்களில் முகப்பரு

சுசுருத சங்கிதையின் நிதானத்தானம் முகப்பருவைச் சிறுநோய்களுள் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. இளையோர் முகத்தில் இலவமரத்து முள்ளைப்போல் எழும் கொப்புளங்கள் என்றும், கபம், வாதம், குருதி ஆகியவற்றின் கேட்டால் தோன்றுவன என்றும் அந்நூல் விளக்கும். இலவமரத்தின் அடித்தண்டைப் பார்த்தவர்க்கு இவ்வுவமையின் நுட்பம் விளங்கும். நோய்க்கு இடப்பட்ட பெயர் ‘முகதூஷிகை’, அதாவது முகத்தைக் கெடுப்பது. உயிருக்குத் தீங்கில்லாத இந்நோய் இளையோருக்கு ஏன் பெருந்துயராகிறது என்பதை அப்பெயரே உணர்த்திவிடுகிறது.

இதற்குரிய மருத்துவமாக வாந்தி செய்வித்தலும், அதனோடு இரண்டு பூச்சுகளும் கூறப்பட்டுள்ளன. வசம்பு, வெள்ளிலோத்திரம், இந்துப்பு, கடுகு ஆகியவை சேர்ந்தது ஒன்று; கொத்துமல்லி, வசம்பு, வெள்ளிலோத்திரம், கோட்டம் ஆகியவை சேர்ந்தது மற்றொன்று. இன்று பருவென்றாலே நினைவுக்கு வரும் மஞ்சள் இவ்விரண்டிலும் இல்லை என்பது கருதத்தக்கது.

பூச்சின் பொருள்களைவிடப் பூசும் முறை குறித்த விதிகளே வரலாற்று நோக்கில் முதன்மையானவை. இலேபம் ஈரமான எருமைத்தோலின் கனத்தில் இருத்தல் வேண்டும், மயிர்க்கால்களுக்கு எதிர்த்திசையில் பூசுதல் வேண்டும், இரவில் பூசலாகாது, முதல் நாள் அரைத்ததைப் பயன்படுத்தலாகாது, சீழை வெளியேற்ற அழுத்தம் தேவைப்படும் இடங்கள் தவிர, உலரும்வரை விட்டுவைக்கலாகாது. மருந்து இன்னதென்று கூறுவதோடு நில்லாமல், அது எவ்வளவு நேரம், எந்நிலையில் தோலின்மீது இருக்கலாம் என்பதையும் வரையறுத்த மருத்துவம் இது.

தமிழ் மருத்துவ மரபில் தோல் பேணுதல் தனி மருந்தாக அன்றி அன்றாட ஒழுக்கத்தின் பகுதியாகவே இடம்பெற்றது. தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கையும், நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதியையும், ஆறு திங்களுக்கு ஒருமுறை வாந்தி மருந்தையும் ஒரே அட்டவணையில் வைக்கிறது. பாசிப்பயறு, சந்தனம், வெட்டிவேர், விலாமிச்சை வேர், கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி ஆகியவற்றைப் பொடித்த நலங்குமாவு குளியலுக்குரியது, தேய்த்தவுடன் கழுவப்படுவது. கார்போகரிசியில் ‘சோரலென்’ என்னும் வேதிப்பொருள் உண்டு. தோலில் தங்கினால் வெயில் படும் இடத்தைக் கருக்கவோ கொப்புளிக்கவோ செய்வது அதன் இயல்பு. வெண்புள்ளி நோய்க்கு அவ்விதை பயன்பட்டதும் இவ்வியல்பினாலேயே. கழுவிவிடும் மாவைக் குழைத்து முகத்தில் மணிக்கணக்கில் ஊறவிடும் இன்றைய வழக்கம், பொருளை வைத்துக்கொண்டு முறையை மாற்றியதன் விளைவு.

சாக்லேட் ஆய்வு

ஐரோப்பிய, அமெரிக்கத் தோல் மருத்துவமும் நெடுங்காலம் உணவையே முதலில் ஐயுற்றது. கொழுப்பு, இனிப்பு, சாக்லேட் ஆகியவற்றை விலக்குமாறு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாடநூல்கள் அறிவுறுத்தின. இவ்வறிவுரைக்குத் துணையாக நின்றது சோதனை அன்று. மருத்துவர்களின் அனுபவமும் மரபுமே. அக்காலத்தில் திருமணம் ஆனால் பரு மறையும் என்ற நம்பிக்கையும் உடன் வழங்கியமையால், அறிவுரையில் பெரும்பகுதி இளையோரின் ஒழுக்கத்தைக் கண்டிப்பதாகவே அமைந்தது எனல் மிகையாகாது. பருவைத் தன் குற்றமாக எண்ணி நாணிய இளைஞர் பலர்.

இந்நிலையை மாற்றியது 1969இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு. ஜேம்ஸ் ஃபுல்டன், கெர்ட் பிளெவிக், ஆல்பர்ட் கிளிக்மன் ஆகிய மூவர் அதன் ஆசிரியர்கள். மொத்தம் 65 பேர் பங்கேற்றனர். அவர்களுள் 30 பேர் பரு மருத்துவமனைக்கு வந்த வளரிளம் பருவத்தினர், 35 பேர் சிறைக்கைதிகள். வழக்கமான இனிப்புக் கட்டியைவிடப் பத்து மடங்கு சாக்லேட் செறிந்த கட்டியை நான்கு வாரமும், சாக்லேட் இல்லாத ஒப்பீட்டுக் கட்டியை நான்கு வாரமும் அவர்கள் உண்டனர். பருக்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என முடிவு அறிவிக்கப்பட்டது.

ஆய்வின் குறை ஒப்பீட்டுக் கட்டியிலேயே இருந்தது. சாக்லேட்டை நீக்கிய அக்கட்டியில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன. எனவே கொக்கோ பருவை மிகுவிப்பதில்லை என்பதற்கு மட்டுமே அவ்வாய்வு சான்றாகக் கூடும். சர்க்கரையைப் பற்றியோ உணவு முழுவதையும் பற்றியோ அது எதுவும் கூறவில்லை, கூறவும் இயலாது. சாக்லேட் உற்பத்தியாளர் சங்கத்தின் உதவி அவ்வாய்வுக்குக் கிடைத்தது என்பதும் கருதற்குரியது. ஆயினும் ‘உணவுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை’ என்னும் பொது விதியாகவே அம்முடிவு பாடநூல்களில் ஏறி, சற்றொப்ப முப்பது ஆண்டுகள் நிலைத்தது.

ஒரு சிறு ஆய்வு இத்துணை வலிமை பெற்றமைக்கு ஆசிரியர்களின் செல்வாக்கும் காரணம். வைட்டமின் ஏ அமிலத்தைப் பருவின்மீது பூசிக் குணங்காணும் முறையை அதே 1969இல் அதே மூவரும் வெளியிட்டனர். இன்றளவும் முதன்மை மருந்துகளுள் ஒன்று அது. பயனுள்ள பூச்சு கையில் இருக்கையில் உணவை ஆராயும் தேவை யாருக்கும் தோன்றவில்லை. கிளிக்மன் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள்மீது 1951 முதல் 1974 வரை நிகழ்த்திய தோல் சோதனைகள் பின்னாளில் கடும் கண்டனத்திற்கு உள்ளாயின என்பதையும் இங்குச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். யாருடைய தோலிலிருந்து இந்த அறிவு பெறப்பட்டது என்னும் வினா இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று.

மறு ஆய்வுகள்

லோரன் கார்டெயினும் உடனாய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட கட்டுரை விவாதத்தை மீண்டும் திறந்தது. பப்புவா நியூகினியின் கிட்டவா தீவில் 1,200 பேரையும், பராகுவேயின் அச்சே வேட்டைக் குடியினர் 115 பேரையும் சோதித்ததில் ஒருவரிடத்தும் முகப்பரு காணப்படவில்லை. கிட்டவா மக்களின் உணவு கிழங்கு, பழம், மீன், தேங்காய் ஆகியவை. மரபணுக் காரணமும் இருக்கலாமாகையால் இக்கண்டறிதல் மட்டும் உணவைக் குற்றவாளியாக்கப் போதாது.

2007இல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயதுடைய 43 ஆண்களிடம் நிகழ்ந்த சோதனை அடுத்த படி. இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தாத உணவை 12 வாரம் உண்ட பிரிவினருக்குப் பருக்கள் சராசரியாக 23.5 குறைந்தன, மற்றப் பிரிவினருக்கு 12 குறைந்தன. இன்சுலின் மிகும்போது ஆண்மை இயக்குநீரும் தோலின் நெய்ச்சுரப்பும் தூண்டப்படும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். ஆனால் முதற்பிரிவினர் உடல் எடையும் இழந்தமையால், பயன் உணவால் வந்ததா எடைக் குறைவால் வந்ததா என்பது அவ்வாய்வில் பிரிந்து தெரியவில்லை.

மூலிகைப் பூச்சுகளுள் ஒப்பீட்டுச் சோதனைக்கு முன்னரே உட்பட்டது ஆஸ்திரேலியத் தேயிலைமர எண்ணெய். 1990இல் 124 நோயாளர்களிடம் அவ்வெண்ணெயின் 5 விழுக்காட்டுக் களிம்பும் 5 விழுக்காட்டுப் பென்சாயில் பெராக்சைடும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் பயன் தந்தன. எண்ணெய் மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவாக இருந்தது. மஞ்சளோ வேறு வகையில் புகழ் பெற்றது. புண் ஆற்றும் அதன் பயனுக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி எதிர்த்தமையால் 1997இல் நீக்கப்பட்டது. அவ்வழக்கு மஞ்சளின் பழமையை நிறுவியதேயன்றிப் பருவில் அதன் பயனை நிறுவவில்லை. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டுகின்றன.

2016இல் அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல், இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தும் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என ஏற்றது. மூலிகை மருந்துகளுக்குரிய சான்று இன்னும் குறைவே என்றது. பூசும் முறையோ இவ்விவாதங்களில் இடம்பெறவே இல்லை. கடைகளில் விற்கும் முகப்பூச்சுப் பொட்டலங்கள் பல ‘நன்கு காய்ந்தபின் கழுவவும்’ என்று அச்சிட்டே வருகின்றன.