ஒற்றை ஒளித்துகளுக்குச் சான்று

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்பது பண்டைய கிரேக்க அறிஞர் பலரின் கொள்கை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், பதினோராம் நூற்றாண்டில் ஏழு பாகங்களாக இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' நூலில் அதனை மறுத்து, பொருளிலிருந்தே ஒளி கண்ணை வந்தடைகிறது என நிறுவினார். வந்தடையும் அந்த ஒளி எத்தகையது என்ற வினா பின்னரும் நீடித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒளி அலையே என்ற கருத்து நிலைபெற்றது. 1905இல் ஐன்ஸ்டீன், ஒளியின் ஆற்றல் தனித்தனிச் சிறு பொதிகளாகவே உள்ளது என்றார். 1909இல் டெய்லர் ஒளியை மிகவும் மங்கச் செய்து, ஓர் ஊசியின் நிழலைச் சுமார் 2000 மணி நேரம் படத்தகட்டில் பதித்தார். அலைக்குரிய வரிகள் சிறிதும் தெளிவு குன்றவில்லை.

1930களில் ஒளிப்பெருக்கிக் குழாய் தோன்றியது. ஒளி பட்டு வெளியேறும் ஓர் எலெக்ட்ரான், அடுத்தடுத்த தகடுகளில் மோதி இலட்சக்கணக்காகப் பெருகி, எண்ணத்தக்க மின்துடிப்பாகிறது. துடிப்பு ஒன்று என்பதால் வந்த துகளும் ஒன்றே எனத் துணியலாமா? இயலாது. ஒளியை அலையாகவே கொண்டு, அணுவை மட்டும் குவாண்டம் விதிப்படி கணித்தாலும் ஒளிமின் விளைவை விளக்கலாம் என்று 1960களின் இறுதியில் லேம்பும் ஸ்கல்லியும் காட்டினர்.

ஆகவே, அலைக் கொள்கையால் விடையளிக்க இயலாத வினா ஒன்று தேவைப்பட்டது. 1986இல் பிரான்சின் ஓர்சேயில் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே ஆகிய மூவரும் அதனை எழுப்பினர். கால்சியம் அணு அடுத்தடுத்து இரு ஒளித்துகள்களை உமிழும். முதல் துகள் இரண்டாவதன் வருகையை அறிவிக்கும். அந்த இரண்டாவதை அவர்கள் பாதி ஊடுருவும் ஆடியில் செலுத்தி, இருபுறமும் உணர்கருவிகளை வைத்தனர். அலையாயின் அது பிளவுபட்டு இருபுறமும் செல்லும். இரு கருவிகளும் ஒருங்கே துடிப்பதன் ஒப்பளவு 1க்குக் குறையலாகாது. கிடைத்ததோ 0.18 மட்டுமே. எனினும், அதே ஊற்றின் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாகக் குறுக்கீட்டுமானியில் செலுத்தியபோது, அலைக்குரிய வரிகளும் தோன்றின!

இக்கருவிகள் யாவும் துகளை அழித்தே அறிந்தன. 2007இல் பாரிஸில் செர்ஜ் அரோஷ் குழுவினர், மீகடத்தும் ஆடிகளுக்கிடையே நுண்ணலை ஒளித்துகள் ஒன்றைச் சராசரியாக 0.13 நொடி நிறுத்தி, ருபீடியம் அணுக்களை ஊடே அனுப்பி, அதனை அழிக்காமலே மீண்டும் மீண்டும் அறிந்தனர். 2012இல் அரோஷ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கருவி நுண்மையானால் மட்டும் உண்மை வெளிப்பட்டுவிடுவதில்லை என்பதை இவ்வரலாற்றில் நாம் காண்கிறோம். ஒரு கூற்றுக்கு இசைவான காட்சிகள் ஆயிரம் இருக்கலாம். மாற்றுக் கூற்றை வீழ்த்தும் காட்சியே சான்றாகிறது.