பழங்குடியினரிடையே ஹெபடைடிஸ்-பி: சிகிச்சைச் செலவு

ஹெபடைடிஸ்-பி வைரஸின் புரதத்தை 1965இல் அமெரிக்க ஆய்வாளர் புளூம்பெர்க்கின் குழு அறிவித்தது. அது கிடைத்தது ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில். இந்தியாவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஜாரவா, நிக்கோபாரியப் பழங்குடியினரிடம் தொற்று மிகுதி. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஆயினும் செலவு தீர்வதில்லை. பலர் டெனோபோவிர் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். வைரஸ் அளவையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் வாழும் பளியர் போன்ற, தேனெடுத்தும் கூலிக்குச் சென்றும் பிழைக்கும் மலையடிவாரக் குடும்பங்களில் யாருக்கேனும் இந்நோய் வந்தால், மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போகும், பேருந்துக் கட்டணமும் சேரும். இந்த இழப்பையும் திட்டச் செலவாகவே கணக்கிட வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசியே மிக மலிவான வழி. வீட்டில் நிகழும் பிரசவங்களில் அதுதான் தவறிப்போகிறது.