ஃபைபர் படகின் பின்பலகை: மக்கும் மரமும் மாற்றும் முறையும்

பின்பலகை என்பது படகின் பின்முனையை அடைத்து நிற்கும் குறுக்குச் சுவர். படகுக்கு வெளியே மாட்டும் எந்திரம் இதன்மேல்தான் தொங்குகிறது. எந்திரத்தின் எடை, அது படகைத் தள்ளும் விசை, அலையில் படகு எழுந்து விழும்போது உண்டாகும் அதிர்ச்சி எல்லாவற்றையும் இந்தச் சுவரே தாங்கவேண்டும். மக்காது என்று நம்பி வாங்கப்படும் ஃபைபர் படகுகள் பலவற்றிலும் இந்த ஓரிடத்தில் மரம் உண்டு. இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகையை வைத்து மூடியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த மரம் எப்படி மக்குகிறது என்பதை அறிய, நம் கடற்கரையில் படகு மாறிய கதையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

கட்டுமரத்திலிருந்து ஃபைபர் வரை

சோழமண்டலக் கரை பெரும்பாலும் திறந்த மணற்கரை. உடையும் அலையைத் தாண்டிப் போய்த் திரும்ப இங்கே உதவியது கட்டுமரம். இலேசான மரக்கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது அது; பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கேட்டமரான்' என்ற சொல் இதிலிருந்து போனது என்பதை மாணவர்கள் அறிவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே மணலில் காயப்போடும் வழக்கம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நீர் குடித்த கட்டை கனக்கும், விரைவில் மக்கும். ஆகவே காயவைப்பது தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

கண்ணாடியிழையை ரெசினில் தோய்த்துப் படகு செய்யும் முறை இரண்டாம் உலகப் போரையொட்டி அமெரிக்காவில் தொடங்கியது. நம் பக்கம் அது மெல்ல வந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, மணற்கரையில் ஏற்றி இறக்கக்கூடிய படகு வடிவங்களைச் சோதித்தது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்டும் முயற்சி நடந்தது. அதில் ஈடுபட்ட பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே, அந்த அனுபவத்தை 1985இல் நூலாக்கினார். 'சிறியது கடினம்' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். பொருத்தமான தலைப்புத்தான். பாக் நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நார்வே உதவியுடன் வந்த சீநோர் நிறுவனம் ஃபைபர் படகுகளைக் கட்டியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கட்டுமரங்களை அடித்துக்கொண்டு போனது. நிவாரணமாகத் தொண்டு நிறுவனங்களும் அரசும் கொடுத்தவற்றில் பெரும்பகுதி ஃபைபர் படகுகள். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடற்கரை இருந்தது. அங்கும் இதே மாற்றம்தான். அவசரத்தில் கட்டிய படகுகளின் தரம் ஒரே சீராக இல்லை. படகை வாங்கியவருக்கு உள்ளே என்ன பலகை வைத்தார்கள் என்று பார்க்க வழியும் இல்லை.

ஏன் மக்குகிறது

மரத்தை மக்கவைப்பது தண்ணீர் அன்று, பூஞ்சை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு வாழ்வு. உப்புநீரைவிட மழைநீரே அதற்கு உகந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையில் கிடக்கும் படகு, கடலில் ஓடும் படகைவிட அதிகம் கெடுவது இதனால்தான். எந்திரத்தை இறுக்கும் போல்ட் துளைகள், நீர் வடியும் துளை, மேல்விளிம்பு வெடிப்பு ஆகியவற்றின் வழியே ஈரம் புகுகிறது. உள்ளே போனது வெளியே வர வழியில்லை. கட்டுமரத்தை அவிழ்த்துக் காயவைக்கலாம். ஒட்டி மூடிய பலகையை என்ன செய்வது?

வெளித்தோல் பளபளப்பாகவே இருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும், மக்கியது மந்தமாக ஒலிக்கும். எந்திரத்தின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பின்பலகை அசைந்தால் சந்தேகமே வேண்டாம். சிறு துளை போட்டால் பழுப்பு நிற ஈரத்தூள் வரும். இந்த நிலையில் கடலுக்குப் போவது ஆபத்து. பின்பலகை பிளந்தால் எந்திரம் போகும்; பின்னாலிருந்து வரும் அலைக்குத் தடுப்பும் இராது. இருந்தும் பலர் தள்ளிப்போடுகிறார்கள். படகு கரையில் நிற்கும் நாளெல்லாம் வருமானம் இல்லையே.

மாற்றும் முறை

முதலில் எந்திரத்தை இறக்கி, படகை நிழலில், மட்டமாகத் தாங்கி வைக்கவேண்டும். வழக்கமாக உள்பக்கத் தோலை மட்டும் அறுத்தெடுப்பார்கள். ஓரத்தில் சில அங்குலம் விட்டு அறுத்தால் புதிய இழை பிடிக்க இடம் கிடைக்கும். வெளித்தோல் அப்படியே நிற்பதால் படகின் வடிவம் மாறாது. மக்கியதை உளியால் முழுவதும் சுரண்டவேண்டும். கொஞ்சம் விட்டுவைத்தால் பூஞ்சையையும் விட்டுவைத்ததாகும். பிறகு காயவிடவேண்டும். அவசரப்படக்கூடாத கட்டம் இதுதான்.

புதிய பலகைக்கு இந்தியத் தரக் குறியீடு 710 உள்ள கடல்தர ஒட்டுப்பலகை வேண்டும். 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை ஒன்றாக ஒட்டுவது வழக்கம். பழைய பலகையின் கனத்தை அளந்து முடிவு செய்வது நல்லது. விளிம்புகளுக்கு முன்கூட்டியே ரெசின் ஊட்டவேண்டும். பழைய தோலில் பாலியெஸ்டரைவிட எபாக்ஸி உறுதியாகப் பிடிக்கும், விலை கூடுதலானாலும். வெளித்தோலில் கெட்டியான எபாக்ஸிப் பசையைப் பூசிப் பலகையை அழுத்தி, இடையில் காற்று தங்காமல், கிளாம்பு போட்டு இறுக்குவார்கள். மிகையாக இறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கிவிடும்.

இதன்மேல் கண்ணாடியிழையை அடுக்கடுக்காகப் போர்த்தி, பக்கச் சுவர்களிலும் அடித்தளத்திலும் படரவிடவேண்டும். இங்கே இரண்டு வகை இழை உண்டு. ஒன்று, வெட்டிய துண்டிழைகளைப் பரப்பிய பாய். மற்றது பாவும் ஊடையுமாக நெய்த துணி. நெசவு ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை: இழுவையைத் தாங்குவது நெய்ததுதான். பாலியெஸ்டர் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக்கூடாது. கோபால்ட் முடுக்கியையும் பெராக்சைடு வினையூக்கியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்கு கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்கவேண்டும். இழைத்தூளுக்கு முகமூடியும் கட்டாயம்.

கடைசியில் போல்ட் துளைகள். தேவைக்குமேல் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைக்கவேண்டும். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே தெரியாது. பழைய படகுகள் பலவற்றில் விடுபட்டிருப்பது இந்தச் சின்ன வேலைதான்.