காற்றில்லாத இடத்தில் இறுகும் பசை



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் மடக்குக் கத்தி ஒன்று வாங்கியிருக்கிறான். "சார், திறந்து மூடித் திறந்து மூடி ஸ்க்ரூ தளர்ந்துபோகிறது. திரெட்லாக்கர் போடு என்கிறார்கள். கடையில் ஊதா, நீலம், சிவப்பு, பச்சை என்று அடுக்கி வைத்திருக்கிறான். எது சார்?" என்று கேட்டான். வகுப்பில் ஒரு கேள்வி கேட்காதவன்! அவனுக்குச் சொல்லும் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஏனென்றால் அந்தச் சின்ன பாட்டிலுக்குப் பின்னால் ஒரு வாத்தியார் இருக்கிறார்.

நம் காலத்துப் பேனாக்கத்தியில் ஸ்க்ரூ ஏது? ரிவெட் அடித்திருப்பார்கள். சுவிட்சர்லாந்தின் பெயர்பெற்ற சிவப்புக் கத்தி இன்றும் ரிவெட்தான். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று விரும்பியவர்களுக்காக ஸ்க்ரூ வைத்த கத்திகள் வந்தன. கழற்ற வருவது தானாகவும் கழலும். அச்சு ஸ்க்ரூ தளர்ந்தால் அலகு பக்கவாட்டில் ஆடும். பூட்டு சரியாக உட்காராது. வெட்டும்போது அலகு விரல்மேல் மடங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்க்ரூ ஏன் கழல்கிறது? மேலும் கீழும் குலுங்குவதால் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜெர்மானியப் பொறியாளர் ஜங்கர் 1969ல் சோதனை செய்து காட்டினார்: பக்கவாட்டு அசைவுதான் பெரிய எதிரி. இறுக்கிய இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்போது மரையின் பிடிப்பு போய்விடுகிறது. (நம் ஊரில் 'மரை கழண்டவன்' என்று ஏன் சொல்கிறோம் என்று இப்போது புரிகிறதா?) கத்தியின் அச்சு ஸ்க்ரூவோ, அலகு திரும்பும் ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. மோட்டார் சைக்கிளில் லாக் நட், ஸ்ப்ளிட் பின் என்று போடலாம். மிளகு அளவு ஸ்க்ரூவில் எங்கே போடுவது?

இங்கேதான் நம் வாத்தியார் வருகிறார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1940களில் ஒரு விசித்திரத் திரவத்தைக் கண்டார்கள். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவம், காற்று போனால் கல். அதைத் திரவமாகவே வைத்திருக்க விடாமல் காற்று ஊத வேண்டும். அப்படி ஒரு பசையை யார் வாங்குவார்கள்? அங்கே வேலை பார்த்த ராபர்ட் கிரீபிள் இந்தச் சிக்கலைத் தன் அப்பாவிடம் சொன்னார். அப்பா வெர்னான் கிரீபிள், கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். 1885ல் பிறந்தவர். எழுபதை நெருங்கும் வயது. என்னைப் போன்றவர்கள் பென்ஷன் பேப்பரைத் தேடிக்கொண்டிருக்கும் வயதில் மனுஷன் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து, ஹைட்ரோபெராக்சைடு சேர்த்து, அந்தத் திரவத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கும்படி ஆக்கிவிட்டார். 1953ல் கம்பெனி தொடங்கியது. 'லாக்டைட்' என்று பெயர் வைத்தவர் மருமகள் நான்சி. 1956ல் ஊரறிய அறிமுகம் செய்தார்கள். 1964ல் அவர் காலமானார். கம்பெனி 1997ல் ஜெர்மனியின் ஹென்கெல் கைக்குப் போனது.

பாட்டிலை வாங்கியதும் பாதிதான் இருக்கிறது என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போகாதீர்கள். காற்றுக்காக விட்ட இடம் அது. பாட்டில் பிளாஸ்டிக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் உள்ளே விடும் வகை. மரைக்குள் போனதும் காற்று அடைபடுகிறது, உலோகத்தின் அயனிகள் தூண்டிவிடுகின்றன, பசை இறுகிவிடுகிறது.

இப்போது நிறத்துக்கு வருவோம். மாணவர்கள் எப்போதும் 'பலமானது எது?' என்றுதான் கேட்பார்கள். கத்திக்கு அந்தக் கேள்வியே தப்பு. சிவப்பு (271) பலமானதுதான். அதைக் கழற்ற ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பிடி உருகும், அலகின் பதமும் கெடலாம். சூடு காட்டாமல் திருகினால் நட்சத்திரத் தலை மழுங்கும். அப்புறம் அது ரிவெட் அடித்த கத்திதான். பச்சை (290) ஏற்கெனவே இறுக்கிய மரைக்குள் தானாக ஊர்ந்து போவது. கத்தியில் அது அலகின் அச்சுக்குள்ளும் ஊரும், வேண்டாம். பிடியிலுள்ள பொடி ஸ்க்ரூக்களுக்கு ஊதா (222) போதும். அச்சு ஸ்க்ரூவுக்கு நீலம். அதிலும் 243 நல்லது, லேசான எண்ணெய்ப் பிசுக்கைப் பொறுத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகும் டைட்டானியமும் மந்தமான உலோகங்கள், பசை இறுகத் தாமதமாகும். அதைப் பார்த்து 'வேலை செய்யவில்லை' என்று சிவப்புக்குத் தாவிவிடாதே தம்பி.

மரையை ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, பல்குத்தும் குச்சி முனையால் ஒரு பொட்டு வை. வாஷரிலும் பேரிங்கிலும் படக்கூடாது. அலகு ஆடாமலும் இறுகாமலும் சுழலும் இடத்தில் ஸ்க்ரூவை நிறுத்தி, 24 மணி நேரம் கத்தியைத் தொடாமல் மேசையில் வைத்துவிடு.