ஹொரா, ஹோரா, ஹூரா

செக், இலத்தீன், சுவீடிய மொழிகளில் ஒரே நான்கு ரோமன் எழுத்துகளால் எழுதப்படும் மூன்று வெவ்வேறு சொற்கள். செக்கில் மலை; இலத்தீனில் மணி நேரம்; சுவீடியத்தில் விலைமகளைக் குறிக்கும் வசைச்சொல். உச்சரிப்பும் ஒன்றல்ல. செக்கில் ஒகரம் குறில், இலத்தீனில் நெடில், சுவீடியத்தில் அது ஊகாரமாகிவிடும். தமிழ் எழுத்தில் எழுதினால் மயக்கமே எழாது. தொடக்கத்தில் வரும் ஹகரமும் மூன்றிலும் மூன்று வெவ்வேறு பழைய ஒலிகளின் திரிபு.

செக் ஹகரம், 'தங்கம்' என்பதில் கேட்கும் ககரத்திலிருந்து வந்தது. ரஷ்ய மொழியில் அந்த ஒலி இன்னும் மாறவில்லை. வடமொழியின் 'கிரி' இதற்கு உறவுச்சொல். ஆகவே நீலகிரியின் பின்பாதியும் இக்குடும்பம்தான். பழைய செக்கில் இச்சொல் சுரங்கத்தையும் குறித்தது. சுரங்கத் தொழிலாளியை இன்றும் 'ஹொர்னீக்' என்றே அழைக்கின்றனர். 1300 முதல் பிராக் குரோஷன் நாணயத்துக்கு வெள்ளி தந்த ஊர் குத்னா ஹொரா. பொஹீமியப் புராட்டஸ்டண்டுகள் 1620 நவம்பர் 8 அன்று தோற்ற பீலா ஹொராவின் பெயருக்கு 'வெள்ளை மலை' என்று பொருள்; உண்மையில் அது பிராகை ஒட்டிய ஒரு சிறு மேடு.

இலத்தீன் சொல் கிரேக்கத்திலிருந்து பெற்றது. அங்கே முதற்பொருள் பருவம். ஹகரம் இருந்த இடத்தில் முன்பு யகரம் இருந்தது. செக்கின் 'யரொ' (இளவேனில்), சுவீடியத்தின் 'ஓர்' (ஆண்டு) ஆகியவையே இதன் உண்மையான உறவுகள். ரோமர்கள் உதயம் முதல் மறைவு வரையான பகலை 12 கூறாக்கியதால் ரோமில் ஒரு ஹோரா கோடையில் ஏறத்தாழ 75 நிமிடம், குளிர்காலத்தில் 45. ஆறாம் ஹோராவின் பெயரிலிருந்தே ஸ்பானியரின் நண்பகல் தூக்கமான 'சியெஸ்டா' வந்தது. அதே கிரேக்கச் சொல் சோதிடத்தோடு இந்தியாவுக்கும் வந்தது. 'அஹோராத்ரம்' என்பதன் முதலெழுத்தும் கடையெழுத்தும் கெட்டு 'ஹோரா' ஆனதாக வராகமிகிரர் சொன்ன விளக்கம் சுவையானது, ஆனால் ஏற்பதற்கில்லை. பஞ்சாங்கத்தின் சுக்கிர ஓரை, குரு ஓரை எல்லாம் இதன் வழியே. சங்கப் பாடல்களில் மகளிர் ஆடும் 'ஓரை' வேறு சொல்.

சுவீடிய ஹகரம் வல்லொலிக் ககரத்தின் திரிபு. விருப்பத்தைக் குறித்த ஒரு வேர் இதற்கு அடி எனப் பெரும்பாலோர் கருதுகின்றனர். அன்புக்குரியவர் எனப் பொருள்படும் இலத்தீனின் 'காருஸ்', வடமொழியின் 'காமம்' ஆகியவையும் அவ்வேரில் பிறந்தவையே. சுவீடியத்தில் இது வினைச்சொல்லாகவும் வழங்குகிறது.