தீப்பெட்டிப் படம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தீப்பெட்டிப் படம்தான் சொத்து. ஒரே புலிப்படம் பத்து வைத்திருந்தாலும் மதிப்பில்லை. நிறம் மாறிய புலி ஒன்று கையில் இருந்தால் போதும், அவன்தான் தெருவுக்கே ராஜா!

அந்த மாறிய படம் எப்படி வந்தது?

சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றார்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது. விவசாயத்தைக் கெடுத்த வறண்ட காற்று, தீக்குச்சிக்கு வரமாகிவிட்டது. லேபிள் அடிக்க அச்சகங்களும் பெருகின. அந்நாளைய லித்தோ அச்சில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே ஏற்ற வேண்டும். தாள் நூலளவு நகர்ந்தாலும் புலியின் வரி உடம்பைவிட்டு வெளியே போய்விடும். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இந்தப் பிழைகளைத்தான்.

சரி, அந்தப் பிழையை முதலில் பார்த்திருக்க வேண்டியவர்கள் யார்? தீப்பெட்டி ஆபீஸிலும் வீட்டுத் திண்ணையிலும் பசையோடு உட்கார்ந்திருந்த பெண்களும், பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும். 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி.

"படத்தை எங்கய்யா பார்த்தோம்? கை ஓடணும், குரோஸ் முடியணும்" என்றார் அப்படி ஒட்டிய ஒரு பாட்டி.

பழைய லேபிள் ஏதாவது கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். பின்னால் காய்ந்த பசை இருக்கும். அது அவர்கள் தடவியது.