பால்மரமும் அறிவியல் வரலாறும்

மேலை அறிவியலின் வரலாற்றைக் கலிலியோவிலும் நியூட்டனிலும் தொடங்குவது நம் வகுப்பறை வழக்கம். பேராக் மாநில மாணவர்க்கு அவ்வரலாற்றின் ஓர் இயலைத் தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். கோலகங்சாரில் இன்றும் நிற்கும் முதிய இரப்பர் மரம் அதற்குப் போதிய சான்றாகும்.

தென்னமெரிக்கப் பழங்குடியினர் இம்மரத்தின் பாலைக் கொண்டு பந்தும் காலணியும் செய்து வந்தனர். 18ஆம் நூற்றாண்டில் லா கொந்தமின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை ஐரோப்பியர்க்கு எடுத்துரைத்தார். இப்பொருள் பென்சில் எழுத்தை அழிப்பதை 1770இல் பிரீஸ்ட்லி குறித்தார். தேய்த்தலைக் குறிக்கும் ஆங்கில வினையிலிருந்து ‘இரப்பர்’ என்னும் பெயர் பிறந்தது. தோட்டத்துத் தமிழரோ இதனைப் பால்மரம் என்றனர். ஆங்கிலப் பெயர் பொருளின் பயனைச் சுட்டுகிறது. தமிழ்ப் பெயர் மரத்தின் இயல்பைச் சுட்டுகிறது.

வெப்பத்தில் இளகுவதும் குளிரில் விறைப்பதும் இப்பொருளின் குறைகள். 1839இல் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சூடாக்கி அக்குறைகளை நீக்கும் வழி கண்டார். தேவை பெருகியது. 1876இல் விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சில ஆயிரமே. மறு ஆண்டு சிங்கப்பூரை அடைந்த 22 கன்றுகளுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அன்று பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ.

மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பாலெடுப்பது எப்படி என்னும் வினா எஞ்சியிருந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லி, 1890களில் செய்த ஆய்வுகளால் அதற்கு விடை கண்டார். ஒரே வெட்டுவாயை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவினால் பால் பெருகும், மரமும் வாழும். பால்குழாய்கள் உள்பட்டையில் உள்ளன. அவற்றுக்கும் மரக்கட்டைக்கும் இடையே புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் உண்டு. கத்தி அதனைத் தீண்டினால் காயம் முடிச்சிட்டு, பின்னர் அவ்விடத்தில் வெட்ட இயலாது போகும்.

ரிட்லி கண்ட இவ்வுண்மையை வைகறைதோறும் நிறைவேற்றியவை நம் முன்னோரின் கைகள். விடியுமுன் மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வழியும். வெயில் ஏறினால் ஓட்டம் தளரும். ஒரு மில்லிமீட்டர் அளவே பட்டையை எஞ்சவிட்டுச் சீவும் திறம் இல்லையேல், ரிட்லியின் முறை ஏட்டளவிலேயே நின்றிருக்கும்.

அத்திறத்தோடு ஒரு சொற்றொகுதியும் வளர்ந்தது. மரவரிசை நிரை, பாலேந்தும் கிண்ணம் மங்கு. வெட்டுவாயில் உறைந்து ஒட்டியது ஒட்டுப்பால். மங்கில் தானே உறைந்தது கட்டிப்பால். பாலிலுள்ள நுண்துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. அமிலம் அம்மின்னேற்றத்தைத் தணிக்கவே அவை திரண்டு கட்டியாகின்றன. கட்டிப்பால் என்னும் சொல்லை அறிந்த மாணவனுக்கு ‘திரிதல்’ என்னும் வேதியியல் பாடம் அயலானதன்று. இச்சொற்கள் கலைச்சொற் குழுவினர் ஆக்கியவை அல்ல, வேலையிடத்தில் பிறந்தவை.

இதனைக் கூறுவது தோட்ட வாழ்வைப் போற்றுதற்கன்று. வறுமையும் கடனும் நோயும் அங்கு நிறைந்திருந்தன. அறிவியல் வரலாறு ரிட்லியின் பெயரைக் காத்தது. மரம் சீவியோரின் பெயர்களைக் காக்கவில்லை. இன்று தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்துவிட்டன. அங்கிருந்து ஈப்போவிற்குக் குடிபெயர்ந்த முதியோர் மறையுந்தோறும் அச்சொற்களும் மறைகின்றன.

ஆசிரியர்கள் அறிவியல் வகுப்பில் இம்மரத்தைப் பாடமாக்குவார்களாக. மாணவர்கள் தம் பாட்டி தாத்தாவிடம் ஒருமுறை கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லையும் அதன் பொருளையும் சொன்னவர் பெயரையும் எழுதி வைப்பார்களாக. வரலாறு விட்டுவிட்ட பெயர்களை மீட்கும் பணி அங்குத் தொடங்கும்.